கம்ப்யூட்டர் கண் விழிப்பது எப்படி?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சிவகாசி, திருத்தங்கல் வட்டாரத்து அச்சகங்களில் பரபரப்பு தொடங்கிவிடும். ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த வருஷக் காலண்டருக்கான ஆல்பங்களை வெளியிடுவது இந்தப் பகுதியின் வழக்கம். முருகன், லட்சுமி, தவழும் கிருஷ்ணன், அருவி, ரோஜாப்பூ என்று பக்கத்துக்குப் பக்கம் படங்கள். மளிகைக் கடைக்காரர் ஒருவர் ஆல்பத்தைப் புரட்டி, முருகன் படத்தைத் தேர்ந்தெடுக்கிறார். வேறோர் ஊர் நகைக் கடைக்காரரும் அதே முருகனைக் கேட்கிறார். இருவருக்காக இரண்டு முருகன் வரைய வேண்டுமா? வேண்டியதில்லை. படம் ஒன்றுதான். கிழிக்கும் தேதித் தாளும் ஒன்றுதான். அடியில் அச்சாகும் கடைப் பெயரும் விலாசமும் மட்டுமே வேறு.

"இதில் என்ன அதிசயம்? அச்சகத்தை ஒரு நாள் எட்டிப் பார்த்தவருக்கும் இது தெரியுமே!" என்று கேட்கலாம்.

தெரியும். ஆனால் உலகமெங்கும் எண்ணற்ற யந்திரங்களைக் கண் விழிக்கச் செய்கிற ஒரு புரோகிராம், தன்னுடைய மின்சார வேலையில் இந்த முறையைக் கைக்கொள்ள 15 வருஷம் பிடித்தது! அதுவரை அங்கே கடைக்கு ஒரு முருகன் வரைந்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் புரோகிராமின் பெயர் யூ-பூட். அதன் கதைதான் இது.

ஸ்விட்சைப் போட்டதும்...

வீட்டில் இன்டர்நெட்டுக்காக ஒரு வை-ஃபை பெட்டி வைத்திருக்கிறோம். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் அது உடனே வேலை செய்வதில்லை. ஒரு விளக்கு எரிகிறது. பிறகு மௌனம். கொஞ்ச நேரம் கழித்து மற்ற விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிமிட்டுகின்றன. அதற்குள் பிள்ளைகள் நாலு தடவை "வந்துவிட்டதா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

அந்த மௌனத்தில் என்ன நடக்கிறது?

அந்தப் பெட்டியும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதன் மூளையாகிய சிப், மின்சாரம் வந்த கணத்தில் ஒன்றும் அறியாத பச்சைக் குழந்தை. தனக்கு எவ்வளவு நினைவகம் இருக்கிறது, எந்தக் கம்பியில் என்ன மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பெரிய புரோகிராம் ஓடத் தொடங்கும் முன்பு, சின்னப் புரோகிராம் ஒன்று வந்து அதைத் தட்டி எழுப்பி, முகம் கழுவி, உட்கார வைக்க வேண்டும். திருத்தங்கல் நின்ற நாராயணப் பெருமாளுக்கு மார்கழியில் திருப்பள்ளியெழுச்சி பாடுகிறார்கள் அல்லவா? கம்ப்யூட்டருக்குப் பள்ளியெழுச்சி பாடுகிற புரோகிராமுக்குப் பெயர் 'பூட்லோடர்'. அவற்றில் மிகவும் பேர்பெற்ற ஒன்று யூ-பூட்.

எழுப்பி முடித்ததும் அதன் வேலை தீர்ந்தது. பொறுப்பைப் பெரிய புரோகிராமிடம் ஒப்படைத்துவிட்டு மறைந்துவிடும். இப்படி ஒன்று வந்து போனது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஐந்து வோல்ட்டைப் பங்கிடும் சிப்

யூ-பூட் செய்கிற காரியங்களில் மிகவும் நெஞ்சை அடைக்கிற காரியம் மின்சாரம் சம்பந்தப்பட்டது.

சுவரில் மாட்டிய அடாப்டர் 5 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த ஐந்து வோல்ட்டை யாரும் அப்படியே சாப்பிட முடியாது. நினைவகத்துக்கு 1.5 வோல்ட் வேண்டும். வேறு சில பகுதிகளுக்கு 1.8. இன்னும் சிலவற்றுக்கு 3.3. மூளைச் சிப்புக்கோ ஒன்றேகால் வோல்ட்டைச் சுற்றி. ஒரே உலையில் வடித்த சோற்றைப் பாட்டிக்குக் குழைத்து, குழந்தைக்குப் பருப்பு போட்டுப் பிசைந்து, அப்பாவுக்கு அப்படியே பரிமாறுகிறாளே தாய், அதைப் போல யாராவது பங்கிட வேண்டும்.

அந்தத் தாய்தான் பவர் சிப். விரல் நகத்தைவிடச் சிறியது. 2012-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்-3 செல்போனில் 'மேக்ஸ் 77686' என்ற பவர் சிப் இருந்தது. அதிலிருந்து 35 தனித்தனி மின்வழிகள் கிளம்பின. ஒன்பது ஒரு வகை. இருபத்தாறு இன்னொரு வகை. சட்டைப் பையில் கிடக்கிற ஒரு போனுக்குள் முப்பத்தைந்து விதமான பரிமாற்றம்!

ஒவ்வொரு மின்வழிக்கும் ஒரு 'ரெகுலேட்டர்' உண்டு. வீட்டு மின்விசிறிக்கு இருக்கிற ரெகுலேட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இந்த ரெகுலேட்டர் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிறது. குமிழைத் திருகுவதற்குத்தான் அங்கே கை கிடையாது. புரோகிராம்தான் திருக வேண்டும்.

தவறாகத் திருகினால்?

அதிகமானால் சிப் கருகும். குறைந்தால் இன்னும் தொல்லை. கருகினாலாவது கருகியது என்று தெரிந்துவிடும். வோல்ட் கொஞ்சம் குறைந்தால் யந்திரம் சில நாள் நன்றாக ஓடும். சில நாள் நடுவிலே நிற்கும். வெயில் நாளில் ஒரு விதமாகவும் மழை நாளில் ஒரு விதமாகவும் நடக்கும். குற்றம் எங்கே என்று தேடித் தேடி நிபுணர்களே தலைமுடியைப் பிய்த்துக்கொள்வார்கள்.

எந்தத் திரி முதலில்?

அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. வரிசையும் சரியாக இருக்க வேண்டும்.

திருத்தங்கல்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. '30 ஷாட்' பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே முப்பது குழாய்கள். ஒவ்வொன்றையும் திரி இணைத்துக்கொண்டு போகிறது. திரி போகிற வழிப்படிதான் வெடி மேலே கிளம்பும். ஒரு குழாய்க்குள்ளேயும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அடிமருந்து பற்றிக் குண்டை மேலே தள்ள வேண்டும். அது உச்சிக்குப் போகும் வரை உள்திரி நிதானமாக எரிய வேண்டும். பிறகுதான் பூவாக விரிய வேண்டும். பூ முதலில், தள்ளுவது அப்புறம் என்று ஆகிவிட்டால் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கே ஆபத்து.

பவர் சிப்பிலும் இதே கதைதான். மின்சாரம் வந்தவுடன் எந்த வழி முதலில் திறக்க வேண்டும் என்ற ஆரம்ப வரிசையை, சிப் செய்கிறவர்களே அதற்குள் பதிந்து அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு நடக்கிற திருத்தமெல்லாம் பூட்லோடர் கையில். மூளைச் சிப்பை வேகமாக ஓட்ட வேண்டுமானால் முதலில் வோல்ட்டை ஏற்ற வேண்டும்; அப்புறம் வேகத்தை ஏற்ற வேண்டும். மெதுவாக்க வேண்டுமானால் தலைகீழ்: முதலில் வேகத்தைக் குறைத்துவிட்டு, அப்புறம் வோல்ட்டைக் குறைக்க வேண்டும். மாற்றிச் செய்தால், வயிற்றுக்குச் சோறு போடாமல் மூட்டை தூக்கச் சொன்ன கதைதான். நடுவழியில் சுருண்டு விழும்.

இரண்டு தடவை சொன்னால்தான் கேட்கும்!

உதாரணமாக ஒரு கம்ப்யூட்டர் போர்டைப் பார்ப்போம். 'பீகிள்போன்' என்று பெயர். ஏ.டி.எம். கார்டு அளவுதான் இருக்கும். மாணவர்களும் பொழுதுபோக்காகச் செய்து பார்ப்பவர்களும் வாங்குகிற போர்டு. 2011-ல் முதலாவது வந்தது. 2013-ல் அதன் தம்பி 'பீகிள்போன் பிளாக்' வந்தது. இரண்டிலும் இருப்பது அமெரிக்க நிறுவனமான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் மூளைச் சிப்தான். பவர் சிப்பும் அந்த நிறுவனத்துடையதே.

யூ-பூட் எழுந்ததும் போர்டில் உள்ள சின்ன நினைவுச் சிப் ஒன்றைப் படிக்கிறது. "நீ அண்ணனா, தம்பியா?" என்று அதில் எழுதியிருக்கும். அண்ணனானால் இன்னொரு கேள்வியும் உண்டு: "அடாப்டரில் ஓடுகிறாயா, வெறும் யூ.எஸ்.பி. கம்பியில் ஓடுகிறாயா?" யூ.எஸ்.பி. கம்பி என்றால், வேகத்தை ஏற்றுகிற யோசனையையே கைவிட்டுவிடும். வரவு தெரியாமல் செலவு செய்வதில்லை!

அடாப்டர் இருந்தால் அண்ணனின் மூளைக்கு 1.275 வோல்ட். வேகம் அதிகமான தம்பிக்கு 1.325 வோல்ட். இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு? டார்ச் லைட்டில் போடும் ஒரு பேட்டரியின் 1.5 வோல்ட்டில் முப்பதில் ஒரு பங்கு. அந்த அற்ப வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு விசாரணை.

பவர் சிப்புக்கு இந்தச் செய்தி இரண்டே இரண்டு கம்பிகளில் போகிறது. ஒரு கம்பி தாளம் போடுகிறது. மற்றொன்று சேதி சொல்லுகிறது. அந்தக் கம்பிகளில் பல சிப்கள் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் கதவு எண் உண்டு. இந்தப் பவர் சிப்பின் கதவு எண் 36.

கதவைத் தட்டி, "1.325 வோல்ட் கொடு" என்றால் உடனே கொடுத்துவிடாது. கடவுச்சொல் கேட்கும்! கடவுச்சொல்லும் கட்டளையும் சொன்னால், மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்லும். இரண்டு தடவையும் ஒன்றுபோல இருந்தால்தான் எழுதிக்கொள்ளும். எழுதிக்கொண்ட பிறகும், "சரி, இப்போது செய்" என்று தனியாக ஒரு முறை சொல்ல வேண்டும். கருமித்தனமல்ல, எச்சரிக்கை. கம்பியில் புகுந்த ஏதோ ஓர் அதிர்வைக் கட்டளை என்று நினைத்து வோல்ட்டை ஏற்றிவிடக் கூடாதல்லவா?

டிரைவர் யார்?

இப்படி ஒரு சிப்போடு எப்படிப் பேசுவது, எந்தக் கடவுச்சொல், எத்தனை தடவை என்ற விவரங்களையெல்லாம் எழுதி வைத்த புரோகிராம் துண்டுக்கு 'டிரைவர்' என்று பெயர். பஸ் ஓட்டுகிறவர் அல்ல! சிப்பை ஓட்டுகிறவர்.

கோளாறு இங்கேதான் ஆரம்பித்தது.

யூ-பூட்டின் ஆரம்ப நாட்களில் ஒரு நிறுவனம் புதிய போர்டு செய்தால், அந்தப் போர்டுக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, அதற்குள் எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள். பவர் சிப்போடு பேசும் பேச்சும் அங்கேயே. அடுத்த போர்டிலும் அதே பவர் சிப் இருக்கும். முந்தையதைப் பார்த்து அப்படியே ஒரு பிரதி. இங்கே ஓர் எண்ணை மாற்று, அங்கே ஒரு வரியை வெட்டு, வேலை முடிந்தது. கடைக்கு ஒரு முருகன்!

முதல் பிரதியில் ஒரு தவறு இருந்தால் என்ன ஆகும்? பிரதியெடுத்த எல்லாவற்றிலும் அந்தத் தவறு இருக்கும். ஒருவர் கண்டுபிடித்துத் தம் போர்டில் மட்டும் திருத்திவிட்டுப் போவார். மற்றவற்றில் தவறு அப்படியே தூங்கும். நல்ல போர்டு எது, கெட்ட போர்டு எது என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? இந்தக் குழப்பத்துக்கு யாரையும் பழி சொல்லுவதற்கில்லை. அவரவருக்கு அவசரம். போர்டு விற்பனைக்குப் போக வேண்டிய தேதி வந்துவிடுகிறது. பிறர் அறையைக் கூட்டிப் பெருக்க யாருக்கு நேரம்?

பெயரிலே ஒரு வேடிக்கை

யூ-பூட் பிறந்த கதையையும் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

1999-ல் மாக்னஸ் டாம் என்பவர் '8எக்ஸ்எக்ஸ்-ராம்' என்று ஒரு சிறு பூட்லோடர் எழுதினார். ஜெர்மனியைச் சேர்ந்த வோல்ஃப்காங் டெங்க் 2000-ம் வருஷம் அதை எடுத்து, எல்லோரும் சேர்ந்து வேலை செய்வதற்காக சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற இன்டர்நெட் தளத்தில் வைக்கப் போனார். அங்கே ஒரு சட்டம்: பெயர் எண்ணில் ஆரம்பிக்கக் கூடாது! ஆகவே 'பிபிசி-பூட்' என்று பெயரை மாற்றினார். அப்போது அது ஒரு வகைச் சிப்புக்கு மட்டும் உரியது. பிறகு வேறு வகைச் சிப்களும் சேர்ந்தன. பழைய பெயர் பொருந்தவில்லை. 2002-ல் 'யூ-பூட்' ஆயிற்று. எல்லாச் சிப்புக்கும் பொதுவான பூட் என்று பொருள். ஜெர்மன் மொழியில் நீர்மூழ்கிக் கப்பலுக்கும் ஏறத்தாழ இதே பெயர்தான். கண்ணுக்குத் தெரியாமல் அடியிலே வேலை செய்துவிட்டு மறைகிற புரோகிராமுக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியுமா?

டெங்க் இதைப் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம். மாற்றியதை யந்திரத்தில் வைத்துப் பிறருக்குக் கொடுத்தால், எழுதிய மூலத்தையும் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அதனால்தான் சாம்சங் எழுதியதை டெக்சாஸ்காரர் திருத்துவதும், ஐரோப்பாவில் எழுதியது பெங்களூரில் வளர்வதும் நடக்கிறது. டெங்க் 2022-ல் காலமானார். 2012-லிருந்தே தலைமைப் பொறுப்பு டாம் ரினி என்பவரிடம் வந்துவிட்டது.

அறைகளைப் பிரித்தார்கள்

போர்டுகள் பெருகப் பெருக, இப்படியே போனால் தாங்காது என்று எல்லோருக்கும் புரிந்தது. முதலில் பவர் சிப்களின் டிரைவர்களைப் போர்டு அறைகளிலிருந்து பொறுக்கி எடுத்து, 'பவர்' என்று தனி அறையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பாதி வேலைதான் அது. பாத்திரங்களை ஒரே அலமாரியில் அடுக்கியாயிற்று. எது எதற்கு என்ற முறை இன்னும் வரவில்லை.

2014-ல் சைமன் கிளாஸ் முதலியோரின் உழைப்பால் யூ-பூட்டுக்குள் 'டிரைவர் மாடல்' என்ற பொது முறை வந்தது. அதன் மேல் பவர் சிப்புக்கான ஒழுங்கைக் கட்டியவர் சாம்சங்கில் பணியாற்றிய பிரெமிஸ்லாவ் மார்ச்சாக். 2015-ல் அது யூ-பூட்டில் சேர்ந்தது. அவர் முதலில் எடுத்துக்கொண்ட சிப் எது தெரியுமா? மேலே சொன்ன முப்பத்தைந்து வழிச் சிப்தான்!

அவர் செய்த பிரிவினை எளிமையானது.

பவர் சிப் என்பது ஒரு வீடு. வீட்டு வாசலில் ஒரு காவல்காரர். சேதியை உள்ளே கொடுப்பதும் பதிலை வெளியே கொண்டு வருவதும் மட்டுமே அவர் வேலை. வோல்ட் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளே பிள்ளைகள்: ஒவ்வொரு ரெகுலேட்டரும் ஒரு பிள்ளை. வோல்ட்டை ஏற்றுவது, இறக்குவது, வழியைத் திறப்பது, மூடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பவர் சிப்புக்குள் ரெகுலேட்டர் மட்டுமா இருக்கிறது? சில சிப்களில் கடிகாரம் இருக்கும். பேட்டரிக்கு மின்னேற்றும் பகுதி இருக்கும். 'ஆன்' பொத்தானைக் கவனிக்கும் பகுதியும் இருக்கும். பழைய முறையில் இவையெல்லாம் ஒரே குவியல். புதிய முறையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். வாசல் காவல்காரர் மட்டும் எல்லோருக்கும் பொது.

இவற்றோடு மூன்றாவது ஒன்றும் உண்டு. இந்தப் போர்டில் எந்த ரெகுலேட்டர் எதற்கு மின்சாரம் கொடுக்கிறது, எவ்வளவுக்குக் குறையக் கூடாது, எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்பதை ஒரு தனிச் சீட்டில் எழுதுகிறார்கள். அதற்கு 'டிவைஸ் ட்ரீ' என்று பெயர். போர்டுக்குப் போர்டு மாறுவது இந்தச் சீட்டுதான். டிரைவரைத் தொட வேண்டியதில்லை.

ஆக, டிரைவர் என்பது முருகன் படம். டிவைஸ் ட்ரீ என்பது அடியில் அச்சாகும் கடைப் பெயர். கடைப் பெயரில் பிழை இருந்தால் அந்தக் கடைக்காரருக்கு மட்டும் நஷ்டம். படத்தில் பிழை இருந்து ஒருவர் திருத்தினாலோ, அந்தப் படத்தை வாங்கிய எல்லாக் கடைக்கும் லாபம்.

சீட்டில் எழுதிய வரம்பு வெறும் அலங்காரமல்ல. புரோகிராமில் ஒருவர் கை தவறி 1.3 வோல்ட்டுக்குப் பதில் 3.1 வோல்ட் என்று கேட்டுவிட்டால், யூ-பூட் சீட்டைப் பார்க்கும். வரம்புக்கு மேல் என்றால், "முடியாது" என்று திருப்பி அனுப்பிவிடும். பழைய காலத்துப் பிரதிகளில் இப்படித் தடுக்க ஓர் ஆள் இருந்ததில்லை.

மார்ச்சாக் கூடவே ஒரு பொம்மைச் சிப்பையும் செய்தார். உண்மையில் அப்படி ஒரு சிப் கிடையாது. சாதாரணக் கம்ப்யூட்டருக்குள் புரோகிராமாகவே இருந்துகொண்டு, பவர் சிப்பைப் போல நடிக்கும். புதிதாக எழுதியதை முதலில் அதனிடம் ஓட்டிப் பார்க்கலாம். தப்பு நடந்தாலும் புகை வராது. வெடிக்காத வெடியில் பயிற்சி!

அறைக்கு நாலு பேர்

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் காரியம் இன்னும் முடியவில்லை. காரணம், இடம்.

பட்டாசு ஆலைகளில் மருந்து வேலை நடக்கிற ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஐந்தாவது ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, வெளியே நிற்க வேண்டியதுதான். யூ-பூட்டுக்கும் அப்படி ஓர் அறை உண்டு. பீகிள்போன் பிளாக்கில் 512 மெகாபைட் நினைவகம் இருக்கிறது. ஆனால் கண் விழிக்கும் கணத்தில் அதைப் பயன்படுத்த முடியாது. நினைவகத்தை இன்னும் தயார் செய்யவில்லையே! மூளைச் சிப்புக்குள்ளேயே இருக்கிற ஒரு சிறு மூலையில், நூறு கிலோபைட்டைச் சுற்றிய இடத்தில்தான் முதல் புரோகிராம் உட்கார வேண்டும். மொத்த நினைவகத்தில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு! அந்த மூலையில் இருந்துகொண்டே வோல்ட்டைச் சரிசெய்து, நினைவகத்தைத் தயாராக்கி, அடுத்த புரோகிராமை அழைத்து வர வேண்டும்.

ஒழுங்குக்கும் விலை உண்டு. காவல்காரர், பிள்ளைகள், சீட்டு என்று பிரித்து வைத்தால் அழகாக இருக்கிறது, இடத்தையும் சாப்பிடுகிறது. "1.325 வோல்ட்" என்று ஒரே வரியில் நேராக எழுதிவிட்டால் இடம் மிச்சம். ஆகவே இடம் போதாத போர்டுகளில் முதல் புரோகிராமுக்கு மட்டும் பழைய முறையையே வைத்துக்கொள்கிறார்கள். பீகிள்போனில் அப்படித்தான். இன்றும் யூ-பூட்டின் பவர் அறைக்குள் போய்ப் பார்த்தால் பழைய டிரைவர்களும் புதிய டிரைவர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. புதிய வீட்டுக்குக் குடி போன பிறகும் பழைய வீட்டுச் சாவியை இடுப்பில் செருகி வைத்திருப்பது போல. சோம்பல் என்று இதைச் சொல்ல முடியாது. அந்த மூலைக்குள் உட்கார்ந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

நம்மவர் கைவேலை

இந்த வேலையில் இந்தியர் பங்கு சிறியதல்ல. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1985-ல் பெங்களூரில் தன் ஆராய்ச்சிக் கூடத்தைத் திறந்தது. செயற்கைக்கோளோடு பேசும் கருவியை அப்போது மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம்! அந்த நிறுவனத்தின் 'பால்மாஸ்', 'எல்பி 873எக்ஸ்' என்ற பவர் சிப்களுக்கு 2016-ல் புதிய முறைப்படி டிரைவர் எழுதிச் சேர்த்தவர் ஓர் இந்தியப் பொறியாளர். சிப்களோடு பேசுவதற்கு இரண்டு கம்பி வழி போல 'எஸ்.பி.ஐ.' என்ற இன்னொரு வழியும் உண்டு. யூ-பூட்டில் அந்தப் பகுதியை நெடுநாள் பார்த்துக்கொண்டவர் ஜகன் டெக்கி என்ற இந்தியர்.

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' சிப்பில் லினக்ஸ் ஓடிக் காட்டியது 2018-ல். அது 'ரிஸ்க்-ஃபைவ்' என்ற வகை. அந்த வகைச் சிப்களுக்கு யூ-பூட் கதவு திறந்ததும் அதே 2018-ல்தான்.

திருத்தங்கல்லுக்குப் பக்கத்திலேயே சிவகாசியில் 1984-ல் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி ஏற்பட்டது. 'மெப்கோ' என்பது மெட்டல் பவுடர் கம்பெனியின் சுருக்கம். மத்தாப்பு வெள்ளியாகச் சொரிவதற்கு வேண்டிய அலுமினியப் பொடி செய்கிற தொழில். பொடியில் பிறந்த காசு மின்னணுப் படிப்பாயிற்று. இந்த வட்டாரத்து இளைஞர் ஒருவர் பவர் சிப் டிரைவர் எழுதிப் பழக விரும்பினால், புரோகிராம் முழுவதும் இன்டர்நெட்டில் காசில்லாமல் கிடைக்கிறது. பொம்மைச் சிப்பை வைத்துக்கொண்டு, போர்டு வாங்காமலே ஆரம்பிக்கலாம்.

பிறகு போர்டு ஒன்று கைக்கு வந்தால் அதை ஒரு கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்து, எழும்போதே ஒரு சாவியைத் தட்டினால் யூ-பூட் அப்படியே நின்று, "என்ன வேண்டும்?" என்று காத்திருக்கும். புதிய முறையில் அமைந்த போர்டானால் 'ரெகுலேட்டர் லிஸ்ட்' என்று தட்டலாம். மின்வழிகளின் பெயர்கள் வரிசையாக வரும். 'ரெகுலேட்டர் ஸ்டேட்டஸ்' என்று தட்டினால் ஒரு வழி திறந்திருக்கிறதா, எத்தனை வோல்ட் போகிறது என்று சொல்லும். 'ரெகுலேட்டர் வேல்யூ' என்று தட்டி, பக்கத்தில் எண்ணைக் கொடுத்தால் வோல்ட்டை மாற்றும். சீட்டில் உள்ள வரம்பைத் தாண்டினால் மறுத்துவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டளையின் கடைசியில் 'எஃப்' என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால், சீட்டைப் பார்க்காமல் சொன்னபடி செய்துவிடும். சோதனைச் சாலையில் நிபுணர்களுக்குத் தேவைப்படுகிற எழுத்து அது. முதல் நாள் பழகுகிறவர்கள் அந்தச் சாவியிலிருந்து விரலைத் தள்ளியே வைத்திருக்கட்டும்!